சாக்குக்கடைக்காரரும் இருபத்தேழு படங்களும்

சாக்குக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் தனுஷ்கோடி பெரும்பாலும் பேசுவார். பழைய சாக்குகளை வாங்கி, உதறி, ஓட்டையைத் தைத்து விற்பது அவர் தொழில். வெயிலைப் பார்த்து நின்று சாக்கைத் தலைவழியாகப் போட்டுக்கொள்வார். உள்ளே எங்கே வெளிச்சம் பொட்டாகத் தெரிகிறதோ அங்கே விரலை விட்டு நீட்டுவார். வெளியே நிற்கிற ஆள் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட வேண்டும். நான் திருச்சுழி தாலுகா ஆபீஸில் எழுத்து வேலை பார்ப்பவன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அவர் கடையில் அரை மணி நேரம் உட்காருவேன். அந்த வட்டத்தை நிறையத் தடவை போட்டிருக்கிறேன்.

"புதுப்படத்தக் குறை சொல்லாதீக சார்" என்று சாக்குக்குள்ளிருந்து குரல் வரும்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதுக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரே புலம்பல்தான். இப்போது வருவதெல்லாம் ஒரு படமா, கதை என்று ஒன்று உண்டா, மறுநாள் வாயில் நிற்கிற மாதிரி ஒரு பாட்டு உண்டா? நானும் அந்தக் கட்சிதான். தனுஷ்கோடி ஒருவர்தான் எதிர்க்கட்சி.

"அப்பல்லாம் குண்டு பட்டவன் தங்கச்சிக்கு மாப்பிள்ள பாத்து முடிச்சிட்டுல்ல சார் சாவான்! இப்பப் பாருங்க, படக்குனு சாவுறான். நெசத்துல நம்ம எப்படிச் சாவோம்? சொல்லுங்க."

நான் அடுத்த ஓட்டைக்கு வட்டம் போடுவேன்.

அருப்புக்கோட்டையில் எந்தப் புதுப்படம் வந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் பூட்டு. கழுத்து வரை பவுடர் போட்டுக்கொண்டு, மனைவி முத்துமாரியம்மாளை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பிவிடுவார். திங்கட்கிழமை எனக்கு முழுக்கதையும் வரும். "சவுண்டு சும்மா நெஞ்சுல வந்து இடிக்குது சார்!" என்பார். ஒரு தடவை அவருக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தேன். படம் ஆரம்பித்ததும் சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து, இரண்டாகக் கிள்ளி, இரண்டு காதையும் அடைத்துக்கொண்டார். வெட்டுக்குத்து வந்தபோதெல்லாம் கண்ணையும் மூடிக்கொண்டார். அடுத்த நாள் அந்த வெட்டைத்தான் அப்படிப் புகழ்ந்தார்.

பிடிக்காத படத்துக்கு இந்த மனிதர் ஏன் இப்படி வக்காலத்து வாங்குகிறார் என்பது எனக்குப் பல நாள் புரியவில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்த முத்துமாரியம்மாள்தான், தெரியாமல், விளங்கவைத்தார். சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து, "முன்ன மாதிரி படம் எங்க சார் வருது?" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான். தனுஷ்கோடி எழுந்து போய், ஏற்கனவே உதறி வைத்த சாக்குகளை எடுத்துத் திரும்பவும் உதறினார். கடை முழுக்கத் தூசி.

அந்த அம்மாள் போனபிறகு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும்.

"அவளுக்குப் பொறந்த ஊரு மல்லாங்கிணறு. அத்த மகன் உதயகுமாருன்னு ஒருத்தரு. அவுக அய்யா டூரிங் கொட்டகைய லீசுக்கு எடுத்திருந்தாக. இவரு அங்க படம் ஓட்டுற மிசினப் பாத்துக்கிடுவாரு. கல்யாணத்துக்கு முந்தி இவ அங்க போயி இருவத்தேழு படம் பாத்துருக்கா. ஓசியில. நானும் முந்நூறு படத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன் சார். ஆனா அவளுக்கு அந்த இருவத்தேழுதான் படம்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாங்க."

"பேச்சா? என்கூட வந்தா ஒரு படமும் கடைசி வரைக்கும் பாக்க மாட்டா. முடிய பத்து நிமிசம் இருக்கும்போதே எந்திரிச்சிருவா. கேட்டா, கூட்டத்துல மாட்டக்கூடாதுன்னு சொல்லுவா. அதெல்லாம் இல்ல. என் பக்கத்துல உக்காந்து பாக்கப் புடிக்கல."

முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியபிறகும் ஒருவர் இப்படிப் பொறாமையில் வேக முடியும் என்பது எனக்கே பொறாமையாக இருந்தது. நான் யாரோடு எந்தப் படத்துக்குப் போனாலும் என் வீட்டில் கேட்கிற ஒரே கேள்வி, வரும்போது தயிர் வாங்கி வருவேனா என்பதுதான்.

போன மாதம் அந்தப் பழைய படங்களில் ஒன்றையே துடைத்துப் புதுசாக்கி அருப்புக்கோட்டையில் திரும்பவும் போட்டார்கள். உதயகுமாரே போன் செய்து, "அண்ணாச்சியையும் கூட்டிட்டு வா மாரி" என்று அழைத்துவிட்டார். சாக்கு லோடு வருகிறது, முதுகு பிடித்திருக்கிறது என்று தனுஷ்கோடி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாளோ பச்சைப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். தனியாக அனுப்ப இவருக்கு மனசு வருமா? பேச்சுத்துணைக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

உதயகுமார் நல்ல மனிதர். வழுக்கை, சிரித்த முகம், கையில் எல்லோருக்கும் முறுக்குப் பொட்டலம். அவர் நல்லவராக இருந்ததுதான் தனுஷ்கோடிக்கு இன்னும் எரிச்சல். ஓரத்தில் மனைவியை உட்காரவைத்து, அடுத்து தான், அப்புறம் நான், எனக்கு அந்தப் பக்கம் உதயகுமார் என்று இடத்தை அவரே பிரித்தார். பழைய படத்தில் நெஞ்சில் வந்து இடிக்கிற சத்தமெல்லாம் கிடையாது. ஆனாலும் பஞ்சை எடுத்து அடைத்துக்கொண்டார். பாட்டு காதில் விழக்கூடாதாம்.

"இன்னைக்குப் பாருங்க, எந்திரிக்க மாட்டா" என்று என் காதருகே சொன்னார். பஞ்சு வைத்தவர் பேச்சு, முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

முத்துமாரியம்மாள் எல்லாப் பாட்டையும் வாயசைத்துப் பாடினார். சிரிக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே சிரித்தார். தனுஷ்கோடி திரையையே பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைத்தான் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

கதாநாயகி படுத்த படுக்கையாகிவிட, கதாநாயகன் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு சட்டென்று எழுந்தார்.

உதயகுமார் சிரித்துவிட்டார். "இன்னுமா மாரி இந்தப் பழக்கம் போகல?"

தனுஷ்கோடி ஒரு காதுப் பஞ்சைப் பிடுங்கினார். "என்னா சொன்னீக?"

"இவள நான் திருட்டுத்தனமாத்தான் உள்ள விடுவேன் அண்ணாச்சி. லைட்டு எரிஞ்சா எங்கய்யா பாத்துருவாருன்னு, முடியறதுக்கு முந்தியே ஓடிப்போயிருவா. ஒரு படத்துக்கும் கடைசி தெரியாது இவளுக்கு. மறுநாள் என்கிட்ட வந்து, 'அத்தான், அவ பொழச்சாளா?'ன்னு கேப்பா."

தனுஷ்கோடி மற்றக் காதுப் பஞ்சையும் எடுத்தார். "இன்னொருக்கச் சொல்லுங்க. இருவத்தேழுக்குமா?"

"இருவத்தேழுக்கும்தான்."

முத்துமாரியம்மாள் நின்றபடியே, "வாங்க, கூட்டம் வந்துரும்" என்றார்.

தனுஷ்கோடி மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "இரு. முடியட்டும்."

கதாநாயகி பிழைத்தாள். அந்த அம்மாள் வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்தது. ஜனங்கள் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். தனுஷ்கோடி மட்டும் எழவில்லை. மனைவியின் மணிக்கட்டை விடாமல், என்னைத் தாண்டி உதயகுமாரையே ஜெயித்தவர் மாதிரிப் பார்த்துக்கொண்டு, அத்தனை வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்.