மாஸ்டர் சொன்னது

தையல்காரர் கழுத்தில் போடும் அளவுநாடா ஒன்று எங்கள் ஆஸ்பத்திரி வாட்டு மேசை லாச்சிக்குள் கிடந்தது. இரத்தம் உறையாத நோயோடு வருகிறவர்களின் முழங்காலைச் சுற்றி அதை வைத்து, எத்தனை அங்குலம் வீங்கியிருக்கிறது என்று காலையும் மாலையும் கொப்பியில் எழுதுவோம். வீக்கம் கூடினால்தான் பிளாஸ்மா ஏற்றுவோம். மற்றவர்கள் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அந்த மஞ்சள் நீரில்தான் இவர்களிடம் இல்லாத உறைபொருள் இருந்தது. போரால் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோன வருடங்கள் அவை. ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரக் குளிரை நம்பி இரண்டு மூன்று பிளாஸ்மாப் பைகள்தான் இருக்கும். அதனால் நாடா சொல்லும்வரை நாங்கள் அசையமாட்டோம்.

ஒருநாள் பெரிய டொக்டர் அந்த நாடாவைச் சுருட்டி, தாதியான என் கையில் தந்தார். “வீங்கின பிறகு முழங்கால் எல்லாருக்கும் சொல்லும் மிஸ்ஸி. அதுக்கு முதல் ஆளுக்கு மட்டும்தான் தெரியும். ஆளைக் கேளுங்கோ,” என்றார். உள்ளே கசியத் தொடங்கும்போதே ஒரு சூட்டை, ஒரு குறுகுறுப்பை அவர்கள் அறிந்துவிடுவார்களாம். அன்றிலிருந்து வாட்டில் ஒரு வழக்கம் வந்தது. இந்த நோய்க்காரர் ஒருவர் ‘தொடங்கீட்டுது’ என்று சொன்னால், டொக்டரைக் காத்திராமல் நாங்களே ஏற்றிவிட வேண்டும்.

அந்தச் சொல்லை அதிகம் சொன்னவர் மாஸ்டர். நெல்லியடிப் பக்கம் தியூசனில் கணிதம் படிப்பித்தவர். இருபத்தாறு வயது. சின்ன வயதில் முழங்கால் வீங்கியபோது சுளுக்கென்று நினைத்து எலும்பு முறிவு வைத்தியரிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டு உருவியிருக்கிறார்கள். அந்தக் கால் பிறகு நீளவேயில்லை. “அவன் குழறக் குழற நான்தான் அமத்திப் பிடிச்சனான்,” என்று தாய் எனக்குச் சொன்னார். சொல்லும்போது தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வந்த அந்த முறையும் மாஸ்டர் முழங்காலுக்காகத்தான் வந்திருந்தார். மறுநாள் வீட்டுக்குப் போக இருந்தார். மத்தியானம் பொம்பர் விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. காயப்பட்டவர்களை ட்ரக்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். டொக்டர் ஒபரேசன் தியேட்டருக்குள் போய்விட்டார். எனக்குத் தலைக்கு மேல் வேலை. அப்போது மாஸ்டர் கூப்பிட்டார்.

“மிஸ்ஸி, தலைக்குள்ளை தொடங்கீட்டுது.”

அவர் விழவில்லை, அடிபடவில்லை. கண் தெளிவாக இருந்தது. “பொம்பர் வந்தால் எல்லாருக்கும் தலையிடிதான் மாஸ்டர்,” என்றேன்.

“உது தலையிடி இல்லை மிஸ்ஸி. எனக்குத் தெரியும்.”

இரண்டே பைகள் இருந்தன. காயக்காரருக்குத் தேவைப்படலாம் என்று நினைத்தேன். டொக்டர் வந்து சொல்லட்டும் என்று இரண்டு பனடோல் மாத்திரையைக் கொடுத்தேன். “சரி மிஸ்ஸி,” என்று வாங்கிக்கொண்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் ஏற்றியிருப்பேனே என்று பல வருடம் அவர்மேல்கூடக் கோபப்பட்டிருக்கிறேன்.

மூன்று மணிக்கு வாந்தி எடுத்தார். நாலு மணிக்குப் பேச்சில்லை. அப்போதுதான் ஓடிப்போய் இரண்டு பைகளையும் கொண்டுவந்து ஏற்றினேன். வெளிச்சம் போகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. காயக்காரர் யாருக்கும் அன்று பிளாஸ்மா தேவைப்படவில்லை.

டொக்டர் தியேட்டர் உடுப்போடு வந்து நின்றார். “ஆள் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லை டொக்டர். திடீரெண்டு சத்தி எடுத்தவர்.” வாய் கூசாமல் சொன்னேன்.

கட்டிலின் மறுபக்கம் தாய் நின்றார். மத்தியானம் முழுக்க அதே இடத்தில் நின்றவர். டொக்டர் அவரைப் பார்த்தார்.

“ஓம் ஐயா. பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை,” என்றார் தாய்.

எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் உடலைத் துடைக்கும்போது தாய் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: “இளையவனுக்கும் உதே இரத்த வருத்தம் மிஸ்ஸி. அவனையும் நான் உங்களிட்டைத்தான் கொண்டு வரவேணும்.”

இன்று அந்த உறைபொருள் சிறு குப்பிகளில் தூளாக வருகிறது. சிலர் வீட்டிலேயே வைத்துத் தாங்களே ஏற்றிக்கொள்கிறார்கள். யாருடைய முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. நல்லது என்று நினைக்கிறேன். அதற்குமேல் எதுவும் தோன்றுவதில்லை.

மாஸ்டர் போன மூன்றாம் மாதம் தாய் இளையவனைக் கொண்டுவந்தார். ‘தொடங்கீட்டுது’ என்று அவன் சொல்லி முடிக்குமுன் பையைத் தொங்கவிட்டேன். தாய் நன்றி சொல்லி, தங்கள் வளவில் காய்த்ததென்று ஒரு கட்டு முருங்கைக்காயை மேசையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறி வைத்துச் சாப்பிட்டேன்.