தொழில் இல்லாத கரை

என் தம்பி சுகிர்தனை ஊரில் விசரன் என்றுதான் சொல்வார்கள். நானே நாளைக்குப் பத்துத் தரம் சொல்லியிருக்கிறேன். கடற்கரையில் பிறந்த ஆண்பிள்ளை போட்டில் ஏறமாட்டேன் என்று நின்றால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது.

அவன் ஏன் ஏறமாட்டான் என்பது எனக்குத் தெரியும். இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டையின் கடைசி மாதங்களில், அப்பாவின் போட்டில்தான் நாங்கள் கடலால் வெளிக்கிட்டோம். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. வழியில் அப்பா போய்விட்டார். கரை வரும்வரை அவருடைய தலை தம்பியின் மடியில் கிடந்தது. இதற்கு மேல் அதை எழுத மாட்டேன். அம்மா முகாமில் செத்துப்போனா. நாயாற்றுப் பக்கம் திரும்பி வந்தபோது அவனுக்கு மிஞ்சியது பன்னிரண்டு வயது மூத்த நான் ஒருத்திதான். நான் கலியாணம் கட்டவில்லை. அவனைத்தான் வளர்த்தேன்.

எங்கள் ஊரில் தொழில் என்றால் ஒன்றுதான். "அவர் தொழிலுக்குப் போயிட்டார்" என்றால் கடலுக்குப் போய்விட்டார். "இண்டைக்குத் தொழில் இல்லை" என்றால் கடல் சரியில்லை. வாத்தியார் பார்ப்பது உத்தியோகம். மேசன் செய்வது வேலை. வயல்காரர் செய்வது கமம். தொழில் என்ற சொல்லைக் கடலுக்குப் போகிற ஆம்பிளைகள் தங்களுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். தம்பி வெடித்த போட்டுகளுக்கு பைபர் ஒட்டுவதில் கெட்டிக்காரன். அவன் ஒட்டிய போட் மூன்று வருடத்துக்குத் தண்ணி விடாது. ஆனாலும் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை தொழிலுக்குப் போறேல்லையாமே" என்று கேட்டுத் தேத்தண்ணியோடு அனுப்பிவிட்டார்கள்.

இருபது வயதில் அறுகம்பைக்கு, ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவப் போனான். அங்கே வெள்ளைக்காரர் கடல் திரையில் ஏறி ஓடுகிற பலகைகள் உடைந்து வரும். இவன்தான் ஒட்டிக் கொடுப்பான். ஒட்டின பலகை சரியோ என்று பார்க்கத் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். பிறகு இறங்காமல் இருக்க அவனால் முடியவில்லை. மூன்றாம் வருடம், மஞ்சள் பூத்த ஒரு பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் சந்தியில் பஸ்ஸால் இறங்கினான்.

"ஒரு மூட்டை அரிசி தூக்கிக்கொண்டு வந்திருந்தாலும் பிரயோசனம்" என்று கத்தினேன். "கோதாரி விழுந்த பலகை! இதை என்ன, அவிச்சுத் தின்னிறதே?"

சிரித்தான். அந்தப் பிள்ளை சிரித்து நான் எத்தனை வருடம் பார்க்கவில்லை!

உடைமுனையைக் கண்டுபிடித்தது அவன்தான் என்று சொல்ல மாட்டேன், அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம். கரையால் நடந்தால் முக்கால் மணித்தியாலம். வெறும் மணல், உடைமரம், எருக்கலை. குடிக்கத் தண்ணீர் இல்லை, நிற்க நிழல் இல்லை. முனையிலிருந்து கல்லுப்பார் தண்ணீருக்கடியில் கடலுக்குள் நீண்டு கிடப்பதால் போட் விடவும் முடியாது, வலை போடவும் முடியாது. ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில் வடகிழக்கால் வருகிற திரை அந்தப் பாரின் நுனியில் முட்டித்தான் உடையத் தொடங்கும். மற்றக் கரைகளில் போல ஒரேயடியாகச் சரிந்து விழாது. நுனியிலிருந்து கரைப்பக்கமாக, உடைந்து உடைந்து நீளத்துக்கு வரும். அந்தத் திரையைப் பார்த்தவர்கள் எல்லாரும் போட்டை விலத்தி எடுத்தார்கள். இவன் ஒருவன்தான் அதில் ஏறலாம் என்று நினைத்தான்.

முதல் மாரிக்கு, அவனை அடித்து இழுத்து வரவென்று தடியோடு போனேன். காலை எட்டு மணி இருக்கும். தூரத்தில் பலகைமேல் குந்தியிருந்தான். திரை வந்தது, விட்டுவிட்டான். இன்னொன்று, அதையும் விட்டான். மூன்றாவது பெரிது. குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரை வலித்தான், எழும்பி நின்றான். பின்னால் நுரை துரத்த, உடையாத பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தான். எங்கள் வீட்டிலிருந்து கோயிலடிக்குப் போகிற தூரம் வந்திருப்பான். பிறகு பார்த்தால் நான் அழுதுகொண்டு நிற்கிறேன், தடி எங்கேயோ விழுந்து கிடக்கிறது.

"உனக்குக் கடல் பயமில்லையோடா?" என்று கேட்டேன்.

"போட்டில ஏறினால் அப்பா கிடக்கிறார் அக்கா. இதில ஒருதரும் கிடக்கேல்லை. நான் மட்டும்தான்."

அதற்குப் பிறகு நான் அவனை மறிக்கவில்லை. மார்கழி, தை இரண்டு மாதமும் விடிய எழும்பிப் போவான், மத்தியானம் உப்புப் பூத்த முகத்தோடு வந்து இரண்டு கோப்பை சோறு தின்பான். அந்த இரண்டு மாதமும் வீட்டில் ஒரு மனுசன் இருப்பான். மற்றப் பத்து மாதமும் அந்த இரண்டு மாதத்துக்காகக் காத்திருப்பான்.

மாசியில் கடல் அடங்க, அதே முனை எங்களுடையதாகிவிடும். நாங்கள் என்றால் பன்னிரண்டு பெண்கள், கருவாடு போடுகிறவர்கள். ஊருக்குள் காயப்போட்டால் நாய், காகம், றோட்டுப் புழுதி. உடைமுனையில் காற்றுக்கு இரண்டு நாளில் மீன் காய்ந்து மணிபோல வரும். பழனியாண்டியின் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் மீனை ஏற்றிக்கொண்டு போவோம். அவருடைய பெண்சாதி வீரம்மாதான் எங்களில் வேகமான கை. புருசனுக்கு முதுகு சரியில்லை, மூன்று பிள்ளைகள், அவளின் கையால்தான் அடுப்பு எரிந்தது. எங்கள் சங்கத்துக்கு நான் செயலாளர். புரட்டாதியில் மழை தொடங்க, வலைத்துண்டு, கம்பு எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். வாடைக்கு முனையைப் பார்த்தால் மனுசர் கால் வைத்த இடம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

அப்படி ஒரு தை மாதம்தான் அரசாங்க ஜீப் வந்தது.

நான் அவனுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோயிருந்தேன். காலையில் சாப்பிடாமல் ஓடிவிட்டான் என்ற கோபம். அவன் தண்ணீரால் ஏறி வருகிறான், நான் வாயைத் திறக்கிறேன், அதற்குள் ஜீப்பால் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் அளக்கிற ஆள். மற்றவர் இளம் பெடியன், தமிழ்ப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. கையில் கடதாசி. அவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு கோபமும் இல்லை.

"தம்பி, இந்த இடத்தில ஆராவது தொழில் செய்யினமோ?" என்று அந்தப் பிள்ளை கேட்டார்.

தம்பியின் முகம் சுருங்கியதைக் கண்டேன். அந்தச் சொல் எங்கே கேட்டாலும் அவனுக்கு அப்படித்தான்.

"இல்லை சேர். இஞ்ச ஒருதரும் தொழில் செய்யிறேல்லை. பார் கிடக்கு, போட் விடேலாது."

அவர் என்னைப் பார்த்தார். "அப்பிடியோ அம்மா?"

"ஓம் ஐயா" என்றேன். "இஞ்ச என்ன தொழில்? ஒண்டுமில்லை."

சொன்னேன். நான்தான் சொன்னேன். பத்து வருடமாக அந்த மணலில் முழங்கால் புதையக் குந்தியிருந்து மீன் பரப்பியவள் சொன்னேன். என் மனதில் பொய் சொல்கிற எண்ணம் துளியும் இல்லை. நாங்கள் செய்வது கருவாடு போடுறது. அதைத் தொழில் என்று ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டதில்லை. என் கையில் சோற்றுப் பார்சல் இருந்ததால் அந்தப் பிள்ளை அதை எழுதிய கடதாசியைத் தம்பியிடம் நீட்டினார். அவன் ஈரக்கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு ஒப்பம் வைத்தான். அவர்கள் போனதும் நான் அவனைச் சாப்பிடாததற்கு ஏசினேன்.

மாசிக் கடைசியில் முதல் மீனோடு போனபோது சீமெந்துத் தூணும் முள்ளுக்கம்பியும் நின்றன. உள்ளே ஒரு காவல்காரன். உல்லாசப் பயண விடுதி வருகிறதாம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை காணி போய்விட்டது. லாண்ட்மாஸ்டரைத் திருப்பிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் மீன் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஊருக்குள் பரப்பிய அந்த முதல் மீன் மூன்றாம் நாள் புழுத்தது. கிடங்கு வெட்டித் தாட்டோம்.

நாலு மாதம் அலைந்து கேட்டதில் காணி அலுவலகத்தில் ஒரு விசாரணை வைத்தார்கள். பன்னிரண்டு பேரும் போனோம். தம்பியையும் கூப்பிட்டிருந்தார்கள். வயதான ஒரு அதிகாரி கடதாசியை எடுத்து வாசித்தார்: எவ்விதத் தொழிலும் நடைபெறாத வெற்றுக் கரை. கீழே அவனுடைய ஒப்பம். பெண்கள் எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அதுவரை ஒப்பம் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது.

"தம்பி, பொய்யே சொன்னனீர்?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை சேர். எங்கட ஊரில தொழில் எண்டால் கடலுக்குப் போறது. அதைத்தான் கேக்கிறார் எண்டு நினைச்சன்."

"அப்ப இவை செய்யிறதுக்கு உங்கட ஊரில என்ன பேர்?"

தம்பி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "பேர் இல்லை சேர்" என்றான்.

அதிகாரி பேனையை மூடினார். அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். கடைசியாக ஒன்று கேட்டார். "அண்டைக்கு உம்மோடை வேறை ஆரும் நிண்டவையோ? உமக்கு விளங்காட்டில் அவையாவது சொல்லியிருப்பினமே."

தம்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எழும்பியிருப்பேனோ என்னவோ, கடவுளுக்குத்தான் தெரியும். நேரே மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஒருதரும் இல்லை சேர். நான் தனிய."

நான் கதிரையில் இருந்தேன். பக்கத்தில் எங்கள் சங்கத்து விமலேஸ்வரி என் கையைப் பிடித்து, "உங்கட தம்பி இப்பிடிச் செய்துபோட்டானே அக்கா" என்று அழுதாள். நான் அவளின் கையைத் தட்டிக் கொடுத்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை. ஊரே பயப்படுகிற என் வாய்!

முடிந்தது முடிந்ததுதான், காணி திரும்பி வராது என்று எழுதி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அவனிடம் போட் ஒட்டக் கொடுக்கவில்லை. கடையில் நின்றால் மற்றவர்கள் விலத்துவார்கள். நானும் ஏசினேன். ஏசாமல் விட்டால் யாருக்காவது சந்தேகம் வரும் என்று பயந்து, வேலிக்கு வெளியே கேட்கத்தக்கதாக ஏசினேன். "நுணலும் தன் வாயால் கெடும், நீ ஊரையெல்லாம் சேர்த்துக் கெடுத்துப்போட்டியே" என்று கத்தினேன். அவன் குனிந்தபடி சோறு தின்றான். ஒரு நாளாவது, ஒரு சொல்லாவது, "நீயும்தானே அக்கா" என்று திருப்பிச் சொல்லவில்லை.

அடுத்த வாடைக்கு, ஊர்க்கரையில் இறங்கிக் கடலால் வலித்துக்கொண்டு முனைக்குப் போனான். கடலுக்குக் கம்பி போட முடியாதுதானே. மத்தியானம் நடந்து வந்தான். முகத்தில் உப்பு இருந்தது. வேறொன்றும் இல்லை.

"திரை நல்லாத்தான் வந்தது அக்கா" என்றான். "நான் ஏறேல்லை."

"ஏனடா?"

"வீரம்மாக்காவால அங்க போகேலாது. நான் மட்டும் போய் விளையாடுறதே?"

அந்த மாதமே ஓமந்தைப் பக்கம் சீமெந்துக் கல்லரிகிற வேலைக்குப் போய்விட்டான். கடலைக் காண அங்கிருந்து அரைநாள் பஸ் ஓடவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். "சாப்பிட்டியோ?" என்பேன். "ஓம்" என்பான். "நீ?" என்பான். அவ்வளவுதான் எங்கள் கதை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒரு முறை தொடங்கினேன். "விடு அக்கா, உன்னையும் விட்டால் அந்தப் பொம்பிளையளுக்கு ஆர் இருக்கினம்?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

சங்கம் இப்போதும் நடக்கிறது. எட்டுப் பேர்தான், ஊருக்குள் பரண் கட்டிப் போடுகிறோம், பாதி பழுதாகிறது. நான்தான் இன்னமும் செயலாளர். போன கிழமை கூட்டம் முடிய, வீரம்மா பனங்கட்டித் துண்டோடு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். மெலிந்துபோனாள், கழுத்தெலும்பு தெரிகிறது. பக்கத்தில் குந்தியிருந்து மெதுவாகச் சொன்னாள்:

"உங்கட முகத்துக்காகத்தான் அக்கா அவனைச் சும்மா விட்டனாங்கள்."

நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன்.