குலுக்கிய புட்டி

எழுபத்து மூன்று வயதில் முதல் முறையாக ஒருவன் என்னை அறைந்தான். இடது கன்னத்தில் இரண்டு, வலதில் ஒன்று. அறைந்தவன் எதிர்வீட்டு வாத்தியாருடைய மகன். மூன்றும் எனக்கு உரியவைதான். ஆனாலும் நான் கைத்தடியால் அவன் முழங்காலில் திருப்பி இரண்டு போட்டேன்.

வாத்தியாரும் நானும் ராஜா அண்ணாமலைபுரத்தில் முப்பத்தொரு வருடமாக எதிரெதிர்க் கதவு. அவர் சாந்தோமில் பிறந்து, பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய இடது கண் கிளாக்கோமா என்கிற நீரழுத்த நோயில் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை எடுத்து நான் அறை வாங்கிய அன்றோடு பதினொரு வாரம். பேப்பர் படிப்பதும் படி இறங்குவதும் அந்த ஒரு கண்ணை நம்பித்தான்.

மகன் பெங்களூரில் பீர் காய்ச்சும் இடத்தில் வேலை பார்க்கிறான். அந்த ஞாயிறு மதியம், தானே காய்ச்சிய நான்கு புட்டிகளோடு வந்து என்னையும் கூப்பிட்டான். சேசான் என்று பெயராம். பெல்ஜியம் பக்கத்துப் பண்ணைகளில் அறுவடை ஆட்களுக்காகக் காய்ச்சியதாம். வாயில் தக்கை, தக்கைமேல் கம்பிக் கூடு.

முதல் புட்டியை அவனே திறந்து, மெதுவாகச் சாய்த்து மூன்று தம்ளர்களில் ஊற்றினான். நான் ஒன்பது மடக்கில் குடித்தேன். முதல் மடக்கில் மிளகு. அப்புறம் சாத்துக்குடித் தோலின் கசப்பு, காய்ந்த வைக்கோல் வாசனை. கடைசியில் முந்தின நாள் மோரின் புளிப்பு. இனிப்பே இல்லை. நாக்கைப் பிறாண்டிவிட்டுப் போனது.

"எப்படி அங்கிள்?"

"நன்னாத்தான் இருக்கு. புட்டி அடியில ரெண்டு விரல் உயரம் மிச்சம் விட்டுட்டியே, ஏன்?"

"அது ஈஸ்ட் அங்கிள். படிஞ்சது."

"இன்னா சாமி, அதையும் விட மாட்டியா?" என்று வாத்தியார் சிரித்தார்.

மகன் முறுக்கு எடுக்க உள்ளே போனான். நான் கிண்டியில் ஒரு மருந்துக் கம்பெனியில் முப்பத்தாறு வருடம் சிரப் சோதித்தவன். அடியில் படிந்த எந்தப் புட்டியும் என் கையில் குலுங்காமல் போனதில்லை. சத்தெல்லாம் அடியில்தான் இருக்கும் என்பது என் உத்தியோகப் பாடம். இரண்டாவது புட்டியை எடுத்து இருபது முறை குலுக்கினேன். கம்பியைத் திருகினேன்.

"அங்கிள்! வேணாம்!" அவன் சமையலறை வாசலிலிருந்து கத்தினான்.

வெடி போட்டதுபோல் தக்கை பறந்தது. வாத்தியார் நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார். நுரை கூரைவரை பீய்ச்சி என் வாயிலும் அடித்தது. அதே மிளகு, அதே புளிப்பு. வலது கண்ணைப் பொத்திய அவர் விரல்களுக்கு நடுவே ரத்தம் வடிந்தது.

"இன்னாய்யா, டானிக்கா அது? எங்கப்பாவுக்கு கீறதே ஒரு கண்ணுய்யா!"

மூன்று அறையும் அப்போது விழுந்தவை. என் தடியடிக்குப் பிறகு அவன் என் கழுத்தைப் பிடித்தான். புட்டி உருண்டு உடைந்தது. கண்ணாடித் துண்டு அவன் காலைக் கிழித்தும் பிடியை விடவில்லை.

தரையிலிருந்து வாத்தியார் கத்தினார். "டேய், அப்பால அடிச்சிக்கினு இருங்கடா! ஒண்ணும் தெரியல எனக்கு. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. தலையை உயர்த்தியே படுக்கவேண்டும், பார்வை திரும்புமா என்று ஐந்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மகன் என்னை அறைக்குள் விடவில்லை. வராந்தா பெஞ்சில் ஐந்து நாளும் உட்கார்ந்திருந்தேன். போகும்போதும் வரும்போதும் தோளால் இடித்தான். பதினேழு இடி. நான் தடியைத் தொடவில்லை.

ஆறாம் நாள் காலை கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். கதவு திறந்திருந்தது. வாத்தியார் கண்ணை மூடி மூடித் திறந்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி என்னையே வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா சாமி, ஒரு பக்கம் மட்டும் ஷேவ் பண்ணிக்கினு வந்துகீற?"

இடது தாடையில் பிளேடு படக்கூட முடியாத வலி எனக்கு.

பார்வையின் கீழ்ப்பாதியில் ஒரு நிழல் இருக்கும், அது போகாது என்றார் டாக்டர். மகன் வெளியே வந்து என் எதிரே நின்றான். நான் எழுந்து நின்றேன். அவன் என் காதோரச் சுவரில் ஓங்கிக் குத்தினான். அவன் விரல் முட்டிகளில் தோல் உரிந்தது.

"உள்ள போங்க. கூப்புடுறாரு" என்றான்.