சட்டையைக் கழற்ற மறுத்த லோரி டிரைவர்

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு மனநலக் கிளினிக்கில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன்; வருகிறவர்களுக்கு நான் 'மிஸ்ஸி'. ஒருநாள் காலை கதவைத் திறந்ததும் லெட்சுமி என்ற பெண் ஓடி வந்தாள். கையில் சவர பிளேடு. இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பயமே கிடையாது என்று வெளியே நினைப்பார்கள். எனக்கு எப்போதும் பயம்தான். ஓடாமல் நிற்கப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

"மிஸ்ஸி, இதை அவரு கையிலேர்ந்து புடுங்கிட்டு வரேன்! நெஞ்சை அறுத்துக்கப் போறேங்கறாரு. கார்ல இருக்காரு, என் தம்பி புடிச்சிருக்கான். சீக்கிரம் வாங்கலா!"

அவர் என்றது புருஷன் முனியாண்டியை. துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். காதில் குரல்கள் கேட்டு வேலையை விட்டிருந்தவரை ஹாலோபெரிடோல் மாத்திரைதான் மறுபடி லோரியில் ஏற்றியது. குரல்கள் அடங்கின. சில மாதம் கழித்து டாக்டரிடம் இப்படிச் சொன்னார்:

"பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கறேன்னு நேர்ந்துக்கிட்டேன் டாக்டர், எடுக்கல. அதான் சாமி என் நெஞ்சிலயே பால் சுரக்க வச்சிட்டாரு."

மனநலக் கிளினிக்கில் ஒருவர் இப்படிச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? டாக்டர் ஈஸ்வரன் நல்ல மனிதர், வேலைக்குப் புதுசு. 'டெலூஷன்', அதாவது மனப்பிரமை என்று எழுதி டோசைக் கூட்டினார். அடுத்த முறை முனியாண்டி அதையே உரக்கச் சொன்னார். டோஸ் இன்னும் கூடியது.

அன்று காலை அவரை உள்ளே கூட்டி வந்தோம். வெந்து புழுங்கும் நாளில் சட்டைக்குள் இரண்டு பனியன். கைகளை நெஞ்சில் இறுக்கிக் கட்டியிருந்தார்.

லெட்சுமி பையிலிருந்து ஒரு பனியனை எடுத்து மேசையில் விரித்தாள். மார்புப் பக்கம் இரண்டு இடத்தில் காய்ந்து விறைத்த கறை. "நானும் பைத்தியமா டாக்டர்? தொட்டுப் பாருங்க."

"சட்டையைக் கழட்டுங்கண்ணே" என்றார் டாக்டர்.

"வேணாம் டாக்டர். லோரி யார்டுல தெரிஞ்சா நான் எப்படிப் பொழைக்கிறது?"

லெட்சுமிதான் பொத்தானைக் கழற்றினாள். மார்பு இரண்டும் வீங்கியிருந்தன. டாக்டர் மெல்ல அழுத்த, வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது. டாக்டர் அவருடைய மருந்துச் சீட்டை எடுத்து மறுபடி படித்தார்.

மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தை ஹாலோபெரிடோல் போன்ற பழைய மாத்திரைகள் தடுக்கும். குரல்கள் அடங்குவது அதனால்தான். ஆனால் பால் சுரக்க வைக்கும் புரொலாக்டின் ஹார்மோனை அடக்கி வைப்பதும் அதே டோபமின். அது தடைபட்டால் ஹார்மோன் ஏறும். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும். ஆண்களுக்கு மார்பு வீங்கும், சிலருக்குப் பாலும் கசியும். டோசைக் கூட்டியது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதை.

பாலுக்கு வேறு காரணமாக மூளையில் கட்டி ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு டோசைப் படிப்படியாகக் குறைத்தார்கள். பயம் அப்போதுதான் முற்றியது. கூட்டினால் பால் வரும், குறைத்தால் குரல் வரும். குரல் திரும்பினால் அந்த பிளேடும் திரும்பும். லெட்சுமி வீட்டிலிருந்த கத்தியெல்லாம் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தாள். கிளினிக் போன் அடித்தாலே நான்தான் ஓடிப் போய் எடுப்பேன். நல்லவேளை, பால் மெல்ல வற்றியது. குரல் வரவில்லை.

தொண்ணூறுகளில் எங்களுக்கு க்ளோசபின் என்ற புது மாத்திரை வந்தது. அது இந்த ஹார்மோனை அவ்வளவாகத் தொடாது, ஆனால் ரத்த வெள்ளணு குறையலாம் என்று ஓயாமல் ரத்தம் எடுக்க வேண்டும். பிறகு ரிஸ்பெரிடோன். "புது மருந்து சிஸ்டர், அந்தத் தொல்லை இருக்காது" என்றார்கள் இளம் நர்ஸுகள். நான் நம்பவில்லை. "மாதவிலக்கு ஒழுங்கா வருதாக்கா? நெஞ்சில வீக்கம், கசிவு உண்டாண்ணே?" என்று எல்லாரையும் கேட்டேன். பழையதுக்குக் குறையாமல் அதுவும் ஹார்மோனை ஏற்றியது.

புது நர்ஸுகளுக்கு நான் மருந்துப் பெயர்களைச் சொல்லித் தொடங்குவதில்லை. குணமான பிறகு முனியாண்டி எங்களைக் கேட்டதைத்தான் முதலில் சொல்வேன்.

"சாமி செஞ்சாரோ மாத்திரை செஞ்சுச்சோ, அது உங்க பாடு மிஸ்ஸி. பால் வருதுன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேனே. ஏன் ஒருத்தரும் சட்டையைத் தூக்கிப் பாக்கல?"