அக்கா சரிசெய்த வண்டியும் நான் பட்ட பொறாமையும்

அக்கா எங்களை விட்டுச் சென்று ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று அக்காவின் மகள் கேட்டாள். மற்றவர்கள் அக்காவின் பொறுமையையும் உபசரிப்பையும் எழுதியிருக்கிறார்கள். அவை அனைத்தும் உண்மை. உடன்பிறந்தவன் என்ற முறையில் எனக்கு எழுத இருப்பது வேறு. வாழ்நாளில் நான் மிக அதிகமாகப் பொறாமைப்பட்டது என் அக்காவைப் பார்த்துத்தான்.

சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். மூன்று ஆண்டு கழித்து நான். அக்காவுக்குப் பதின்மூன்று வயதானபோது அம்மா தவறிவிட்டார். அடுப்பையும் மாடுகளையும் என்னையும் கவனித்துக்கொண்டே பத்தாம் வகுப்பை முடித்தார். அதற்குமேல் படிக்க வழியில்லை.

கிணறு வறண்ட பிறகு அப்பா ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டியை வாங்கினார். அது அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஓடித் தேய்ந்து ஏலத்துக்கு வந்த வண்டி. சுற்றுவட்டாரத்துக் காய்கறியை ஏற்றி இறக்கித்தான் எங்கள் பிழைப்பு நடந்தது. இடுப்பு எலும்பு பிசகி அப்பாவால் ஓட்ட முடியாமல் போனதும் லைசென்ஸ் எடுத்து நான் ஓட்டத் தொடங்கினேன். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை.

வண்டி நின்றிருக்கும் நேரமெல்லாம் அது அக்காவின் வண்டியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீசல் ஃபில்டரின் அடியிலிருக்கும் திருகைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவார். பேட்டரி முனைகளில் பூக்கும் வெள்ளை உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டிக் கேட்பார். வெள்ளைப் புகை வந்தால் ஒன்று, கறுப்புப் புகை வந்தால் ஒன்று என்று காரணம் சொல்வார். யாரும் சொல்லித்தரவில்லை. கழற்றிப் பார்த்து, திரும்பப் பூட்டி, தப்பானால் மறுபடி கழற்றியே கற்றுக்கொண்டார். எனக்கோ சாவியைத் திருப்பினால் ஓடும், இல்லையென்றால் ஓடாது. அவ்வளவுதான் தெரியும்.

1991 என்றால் எங்கள் வட்டாரத்து மக்களுக்கு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த மே மாதம்தான் நினைவுக்கு வரும். எனக்கு அந்த வருடத்து ஐப்பசி மழைதான் நினைவுக்கு வருகிறது. அப்போது சுங்குவார்சத்திரம் பக்கம் புதிதாக வந்திருந்த கம்பெனியின் கேன்டீனுக்குக் காய்கறி கொடுக்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. ஒரு வாரம் தவறாமல் காலை ஏழு மணிக்குள் சரக்கு வந்தால் நிரந்தரமாகத் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது வண்டி மக்கர் செய்தது. காலையில் கிளம்பும்; மூன்று மைல் ஓடியதும் இருமி இருமி நின்றுவிடும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வந்தேன். பானட்டைத் தூக்கிப் பார்த்தவர், "பம்ப்பு பூட்ச்சுபா. கழட்டி மெட்ராசுக்கு எடுத்தும்போனும். ஒரு வாரம் ஆவும்" என்றார்.

அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா மட்டும், "அண்ணே, கொஞ்சம் இருங்க. பம்ப்ப கழட்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடலாம்" என்றார்.

தெருக்கோடியிலிருந்த கம்பவுண்டரிடம் போய் ஒரு காலி சலைன் பாட்டிலையும் அதன் குழாயையும் வாங்கி வந்தார். அதில் டீசலை நிரப்பி பானட்டில் கட்டித் தொங்கவிட்டார். டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, பாட்டிலின் குழாயைப் பம்ப்போடு இணைத்தார். நோயாளிக்கு குளுக்கோஸ் ஏறுவதுபோல் எங்கள் வண்டிக்கு டீசல் ஏறியது. பாட்டில் தீரத் தீர ஊற்றினார். எஞ்சின் அரைமணி நேரம் ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது.

"பாட்டில்ல குடிச்சா ஓடுது, டேங்க்ல குடிச்சா நிக்குது. அப்ப கோளாறு பம்ப்புல இல்லண்ணே, வர்ற வழியில கீது" என்ற அக்கா, வண்டிக்கு அடியில் படுத்து ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனார். சேஸிஸை ஒட்டி வளையும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது.

"ஒரு சொட்டுகூட ஒழுவலியேம்மா?" என்றார் மெக்கானிக்.

"டீசல் வெளிய வர்லண்ணே. காத்து உள்ள பூந்துக்கினு கீது."

மெக்கானிக் கூலிகூட வாங்காமல் போனார். போகும்போது அப்பாவிடம், "இனிமே எதுக்கு என்ன கூப்டுற? உன் வூட்லயே ஆள் கீது" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்து நான் பார்த்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று மலர்ந்தது. என் பக்கம் திரும்பி, "நீ ஸ்டீரிங்க புடி, போதும்" என்றார்.

அப்பா வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கோ நெஞ்சில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. மறுநாளே செய்தி டீக்கடைக்குப் போய்விட்டது. "இன்னாபா, அக்காவ கேட்டுக்கினு ஸ்டார்ட் பண்ணியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அக்கா பரிமாறிய சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

கேன்டீனுக்குச் சரக்கு போக வேண்டிய முதல் நாள். விடிந்தும் விடியாமலும் காய்கறியை ஏற்றிக்கொண்டிருந்தோம். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். வெடித்ததை எடுத்துவிட்டு மாட்டியிருந்த புதிய ஹோஸைப் பிடித்திருந்த கிளிப்பின் திருகு அதிர்வில் தளராமலிருக்க, அக்கா அதில் மெல்லிய செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார். நான் அந்தக் கம்பியை அறுத்து எறிந்தேன். கிளிப்பை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு பானட்டை மூடினேன்.

என் கணக்கு இதுதான். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி நிற்கும். அக்காவின் வேலை சரியில்லை என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் இறங்கி, ஏதோ கண்டுபிடித்தவன்போல் கிளிப்பை முறுக்கி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவேன்.

வண்டி தெருமுனையில் நிற்கவில்லை. நெடுஞ்சாலை ஏறி, சுங்குவார்சத்திரத்துக்கு ஒன்றரை மைல் இருக்கும்போது, கொட்டும் மழையில் நின்றது. ஓடி இறங்கிக் கிளிப்பை முறுக்கினேன். சாவியைத் திருப்பினேன், கிளம்பவில்லை. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது தெரியும், எப்படி என்பது தெரியாது. ஃபில்டர்மேல் இருக்கும் கைப்பம்ப்பை அழுத்தினேன், அழுத்தினேன், உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். பேட்டரியும் இறங்கிவிட்டது. என்ன கோளாறு என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். என்னாலேயே அதைச் சரிசெய்ய முடியவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்த பால்காரரிடம் சொல்லியனுப்பினேன். அடுத்த பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினார். கையில் ஸ்பேனர்கள் போட்ட பை, தலையில் உரச்சாக்கு. பானட்டைத் திறந்தவரின் கை கிளிப்புக்குப் போனது. கம்பி இல்லை. தானாக அவிழும்படி அக்கா எதையும் கட்டுபவர் அல்லர்.

என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

பிறகு ஃபில்டரின் மேலிருந்த சிறு திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை நிதானமாக அழுத்தினார். திருகின் ஓரத்தில் நுரை நுரையாக வந்தது. குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்வரை அழுத்தித் திருகை மூடினார். "ஏறி உக்காரு. ரெண்டாவது கியர்ல வெச்சிக்கோ" என்றார். சாலையோர டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்களை அழைத்து, அவர்களோடு சேர்ந்து தானும் தள்ளினார். வண்டி கிளம்பிவிட்டது.

நாங்கள் கேன்டீனை அடைந்தபோது ஏறக்குறைய எட்டு மணி ஆகிவிட்டது. மேனேஜர் வாசலிலேயே நின்றார். "மொத நாளே இப்படியா? யார் தப்பு இது?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னார்: "என் தப்பு சார். ஹோஸ் மாத்துனது நான்தான். கிளிப்ப சரியா முடுக்கல."

"நீயா? வண்டி ரிப்பேரெல்லாம் நீதான் பாக்குறியாம்மா?"

மசகு படிந்த கைகளை அக்கா பின்னால் மறைத்துக்கொண்டார். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "சரி, நாளைக்கு ஏழு மணிக்கு வரணும்" என்றார். வாரம் முடிந்ததும் சரக்கு எங்களுக்கே என்று ஆனது. அந்தக் கேன்டீன் மூடப்படும்வரை மேனேஜர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்ட முதல் கேள்வி, "உங்க அக்கா நல்லா இருக்காங்களா?" என்பதுதான். அக்காவைத் தலைகுனிய வைக்க நான் செய்த வேலை, அவரை இன்னும் உயரத்தில் கொண்டுபோய் வைத்தது. அந்த எரிச்சலில் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை.

வெளியே இப்படி மதிப்பு இருந்தாலும் அக்காவுக்கு வரன் அமைவது எளிதாக இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் நகக்கண்ணிலிருந்த கறுப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதை ஒரு குறையாக எண்ணாத மாமா வந்த பிறகுதான் திருமணம் நடந்தது. தொழிற்சாலைகள் பெருகியபோது இருவரும் நெடுஞ்சாலையோரம் டீசல் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப் போட்டார்கள். நான் கம்பெனி பஸ் ஓட்டினேன். என் பஸ் நின்றுபோனால் சூப்பர்வைசர் அக்காவைத்தான் கூப்பிடச் சொல்வார். அந்த நாட்களிலும் எனக்கு உள்ளூர எரிந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

கடைசி இரண்டு மாதம் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் கிடந்தார். ஒரு பிற்பகல் இருவர் மட்டும் இருந்தபோது, செம்புக் கம்பியை அறுத்தது நான்தான் என்று சொன்னேன். முப்பது வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

"தெரியும்டா" என்றார்.

"அப்புறம் ஏன்க்கா உன் தப்புன்னு சொன்ன?"

மூச்சு வாங்கிக்கொண்டு மெல்லப் பேசினார். "மொதல்ல கோவம்தான் வந்துச்சி. தள்ளும்போதுதான் புரிஞ்சிச்சி, இவன் எம்மேல பொறாமைப்படுறான்னு. அம்மா இல்லாத பொண்ணு, படிக்கல, கல்யாணம் ஆவல. அய்யோ பாவம்னுதான் எல்லாரும் பாத்தாங்க. என்ன பாத்துப் பொறாமைப்பட்டது நீ ஒருத்தன்தான். சந்தோஷமா இருந்துச்சிடா."

பிறகு கேட்டார்: "எனக்கு உம்மேல பொறாமை இல்லன்னா நெனச்ச? வண்டிய ஓட்டக் கத்துக்கறேன்னு அப்பாகிட்ட கேட்டேன். 'தம்பி பொழப்புல கை வெக்காத'ன்னுட்டாரு. நீ கௌம்பிப் போறத பாத்துக்கினு வாசல்ல நிப்பேன். வயிறு எரியும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பதினோராம் நாள் அக்கா இயற்கை எய்தினார்.

அந்த இரண்டு மாதமும் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த அண்டை வீட்டாருக்கும், அன்றைய வேலையை விட்டுவிட்டு இறுதிச் சடங்குக்கு வந்த ஓட்டுநர்களுக்கும், அக்காவின் கைகளைக் குறையாகப் பார்க்காத மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உரியது.

இதை எழுதி முடித்ததும் அக்காவின் மகளிடம் கொடுத்தேன். நினைவு மலரில் இப்படியெல்லாம் போடலாமா, உறவினர்கள் என்ன நினைப்பார்கள் என்று தயங்கினேன். அவள் நின்றபடியே படித்து முடித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஒரு வரி கூட எடுக்காத மாமா. எங்கம்மாவ பாத்து ஒரு ஆம்பள வயிறெரிஞ்சிக்கினு இருந்தாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."