முகம் காணாத முதலாளி

சாவகச்சேரியில் எங்கள் வீட்டுக்கு எதிரே குடியிருந்தவர் நோர்வேக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தார். மேலே இஸ்திரி போட்ட சேர்ட், கீழே சாரம். கமராவுக்கு அது போதும். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நேரத்தில் அவர் கேற்றடியில் நின்று ஆறுதலாகத் தேத்தண்ணி குடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்கடை முதலாளி ஆர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேலை சொல்லுறது நோர்வேக்காரர், அண்ணை. ஆனா அவைக்கு இஞ்சை கந்தோர் இல்லை. அதாலை சட்டப்படி நான் கொழும்பிலை ஒரு கொம்பனியின்ரை ஆள். சம்பளம் போடுற அந்தக் கொழும்புக்காரரின்ரை முகத்தை நான் கண்டதேயில்லை."

தினமும் மேலதிகாரியின் முகத்தில் விழிக்கிற எனக்கு அதுவும் பொறாமையாக இருந்தது.

அவருடைய தகப்பனாரின் செத்தவீட்டுக்குக் கொழும்புக் கொம்பனி மலர்வளையத்தோடு இரண்டு பேரை அனுப்பியது. அவர் வெறும் மேலோடு கிரியையில் இருந்தார். வாசலில் நின்ற என் இஸ்திரி போட்ட சேர்ட்டைப் பார்த்துவிட்டு, அவர்கள் நேரே வந்து என் கையைப் பிடித்தார்கள்.

"எங்கட கொம்பனியில வேலை செய்யிற உங்களை இப்பிடி ஒரு நாளிலதான் காணக் கிடைச்சுது."

நான் அவரில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரியையிலிருந்து நிமிர்ந்து பார்த்த அவரும் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்துவிட்டுக் குனிந்துகொண்டார்.