முருகம்மாள் கடையின் நாலு பிடில்

ஒரு கையில் டீ வடிகட்டி, மறு கையில் பாட்டுப் பெட்டியின் சாவி. முருகம்மாள் அதை முழுக்கத் திருகுவதில்லை. இரண்டு மூன்று திருகு போதும். ஊசியை வைத்துவிட்டு அவள் அடுப்புக்குத் திரும்புவதற்குள் பெஞ்சிலிருக்கும் ஆண்பிள்ளைகள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

காலையில் அதே பெட்டியில் சினிமாப் பாட்டுத்தான். பாட்டுக்கு ஆள் வரும், டீ போகும். வந்த ஆள் கிளம்ப வேண்டுமே! ராஜசிங்கமங்கலத்தில் வயல் வேலை இல்லாத நாளென்றால் ஒற்றை டீயைக் குடித்துவிட்டு உச்சிப்பொழுதுவரை பெஞ்சைத் தேய்ப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ராமநாதபுரத்திலிருந்து பஸ் வந்து நிற்கும். பசியோடு இறங்குகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும். அப்போது எடுப்பாள் அந்த நாலு பிடில் இசைத்தட்டை.

மண்டபம் ஊரில் ஒரு துரைக்குச் சமையல் பார்த்தவன் அவள் தம்பி. சுதந்திரம் வந்த வருஷம் துரை கப்பலேறும்போது பெட்டியையும் தட்டுகளையும் அவனிடம் விட்டுப் போனார். அவன் அக்காளிடம் விட்டுப் போனான். “நாலு பேரு வட்டமா உக்காந்து வாசிப்பாகளாம்க்கா. துரை கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பாக” என்றானாம்.

துரையின் தகப்பனார் காலத்துத் தட்டு. முதலில் வறுசட்டியில் நெல் பொரிகிற இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பிடில் மெல்லத் தொடங்கும். இரண்டாவது வந்து அதன் தோளில் சாயும். பிறகு மூன்றாவது. கடைசியில் அடித்தொண்டைக்காரப் பெரிய பிடில். எழவு வீட்டில் ஒருத்தி தொடங்க, வருகிறவர்கள் ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்வார்களே, அச்சு அசல் அதேதான். பட்டப்பகலில், பலகாரக் கடையில், ஒப்பாரி! முதல் நாள் கேட்டவர்களுக்கு வாயில் வைத்த வடை தொண்டைக்குள் இறங்கவில்லை.

“ஏத்தா, உன் நாலு பொம்பளைகளையும் எழுப்பிராத. நாங்களே எந்திரிச்சுட்டோம்” என்பார் மலையாண்டி. பெஞ்சின் நடுப்பள்ளம் அவர் உட்கார்ந்து விழுந்தது.

“கிளாசுல ஈ மொய்க்குது, பெஞ்சுல நீரு மொய்க்கிறீரு. கெளம்பும்.”

“பொட்டு வச்ச பொம்பளை உச்சி நேரத்துல எழவுப் பாட்டு வைக்கலாமா?”

“அது பிடிலுய்யா. பிடிலுக்கு ஏது சாவு?”

தட்டைக் கையிலெடுத்துப் பார்த்தால் தெரியும். ஊசி ஓடி ஓடி ஓரமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. உள்வட்டம் மட்டும் கழுவிய புளியங்கொட்டைபோல மினுங்குகிறது. அங்கே ஊசி போனதே இல்லை. பெஞ்சு காலியானதும் எடுத்துவிடுவாள். அந்தப் பாட்டை ஊரில் ஒருவரும் முழுக்கக் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

அந்தப் பொட்டுக்கும் ஒரு கதை உண்டு. அவள் புருஷன் பூமிநாதன் மலேயாவுக்குப் பிழைக்கப் போனவன். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனதில் அவனும் அகப்பட்டான். திரும்பி வந்த ஒருவன், “அங்கன போனவுக யாரும் மிஞ்சலை” என்று சொன்ன அன்றைக்குச் சொந்தபந்தமெல்லாம் மாரடித்துக்கொண்டு வந்தது. முருகம்மாள் விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள்.

“செத்ததை எவன் கண்ணால பாத்தான்? பாக்காத சாவுக்கு என் வீட்டுல அழுகை கெடையாது.”

முதல் ஆளாக நின்ற நாகலெட்சுமி பூமிநாதனின் கூடப் பிறந்த அக்காள். அவிழ்த்த கூந்தலோடு அப்படியே தன் ஊரான சிக்கலுக்குத் திரும்பினாள். தம்பிக்கு அழக்கூட விடாதவள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று அன்றோடு பேச்சு முறிந்தது. முருகம்மாளைப் பிடிவாதக்காரி என்பார்கள். சொல்லட்டும். பிடிவாதம் இல்லாமல் ஒண்டிப் பெண்பிள்ளை பஸ் நிற்கிற இடத்தில் கடை போட்டுவிட முடியுமா?

போன பங்குனியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் ஊருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. உச்சிப்பொழுது. வழக்கம்போல நாலு பிடிலும் எழுந்தன. மலையாண்டி துண்டை உதறினார். பஸ் வந்து நின்றது. பஸ்ஸுக்குள் ஜன்னலோரமாக நாகலெட்சுமி. திருவாடானைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவள், இந்த ஊர் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பலாம், காதைத் திருப்ப முடியுமா? தம்பி பெண்டாட்டியின் கடைக்குள்ளிருந்து ஒப்பாரி கேட்கிறது.

அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். தம்பி சேதி உறுதியாகிவிட்டது. கடைசியில் முருகம்மாள் அழுகைக்கு வாசலைத் திறந்துவிட்டாள். கல்யாணப் பை பஸ்ஸிலேயே கிடந்தது. படியில் இறங்கும்போதே கொண்டையை அவிழ்த்தாள்.

“எங்கூடப் பொறந்த ராசாவே,
கடல் கடந்து போனவனே,
காட்டுக்குள்ள நீ கெடக்க
கண்ணை மூட ஆளில்லையே!”

மாரில் அடித்துக்கொண்டு நுழைந்தவள் பெட்டியையா பார்த்தாள்? நேரே போய் முருகம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வடிகட்டி தரையில் விழுந்தது. மலையாண்டி உதறிய துண்டோடு கல்லாய்ச் சமைந்தார். சாப்பிட வந்தவர்கள் வாசலுக்குள் காலை வைக்கவில்லை.

“மயினி… அது பிடிலு மயினி” என்றாள் முருகம்மாள்.

“இப்பயாச்சும் அழுக விட்டியே, தாயி. இப்பயாச்சும் விட்டியே” என்று அவள் முதுகைத் தடவினாள் நாகலெட்சுமி.

பெஞ்சு காலியாகிவிட்டது. ஊசியை எடுக்கிற நேரமும் தாண்டிவிட்டது. முருகம்மாளின் கை நீண்டது. ஊசிக்கு மேலேயே நின்றது. ஊசி சாம்பல் ஓரத்தைக் கடந்து கருப்புக்குள் இறங்கியது. அங்கே இரைச்சலே இல்லை. நாலு பிடிலும் தனித்தனியாக, தெளிவாக, ஒன்றையொன்று தேற்றுவதுபோல் வந்தன. நாகலெட்சுமி அந்த இழுவையின் மேலேயே தன் சொல்லை வைத்து அழுதாள். பொருந்திப் போனது.

ஆனால் சாவி கொஞ்சம்தானே கொடுத்திருந்தது? பாட்டு தளர்ந்தது. பிடில்கள் தொண்டை கட்டிக்கொண்டு கீழே கீழே போய் ஆண்பிள்ளை முனகலாயின. நாகலெட்சுமி அழுகையை நிறுத்தி முகத்தைத் தூக்கினாள். ஓய்ந்து நிற்கப் போகிற தட்டைப் பார்த்தாள். எதிரே முருகம்மாளின் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள்.

“இது… பொட்டிப் பாட்டாடி?”

அவள் இப்போது கூந்தலை முடிந்துகொண்டு படியிறங்கினால் இந்த ஜென்மத்தில் இனி ஏற மாட்டாள்.

“உக்காருங்க மயினி” என்றாள் முருகம்மாள்.

நாத்தனாரின் தோளை அழுத்திப் பெஞ்சில் உட்கார வைத்தாள். நெற்றிப் பொட்டில் அவள் கை படவில்லை. பெட்டியின் சாவியைப் பிடித்தாள். திருகினாள். இதற்குமேல் இடமில்லை என்று சாவி தானாக நிற்கும்வரை திருகினாள்.